முனைக்காரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முனைக்காரி என்று ஒருத்தி கிடையாது. ஆனால் இதை எங்கள் தையல் ஆலையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், ஒருத்தியும் நம்பமாட்டாள். அந்தக் கதையைக் கட்டியவளே நான்தான் என்று சொன்னதற்கே, "பாவம், அக்காவுக்கு மனசு சரியில்ல" என்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

என் வேலை ஊசி கொடுப்பது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். நூற்றுப் பத்து மெஷின் ஓடுகிற கூடத்தின் மூலையில் கம்பிவலை அடித்த ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு ரெஜிஸ்டர், நான். பதினான்கு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருப்பதால் என்னை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஊசி உடைந்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு. மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் காந்தத்தால் பொறுக்கி என்னிடம் கொண்டுவர வேண்டும். நான் அவற்றை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, பக்கத்தில் முழு ஊசி ஒன்றையும் வைத்து, உடைந்த இடங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். பிறகு மேலே டேப் ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், கையெழுத்து. அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அங்கே தைத்த துணி வெளியே போகக்கூடாது. ஏனென்றால் நாங்கள் தைப்பது குழந்தைகள் உடை. மடிப்பில் தங்கிவிட்ட ஊசிமுனை, நாம் பார்த்தே இராத ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு குழந்தையின் தோளில் ஏறும்.

பேக்கிங்கில் உலோகத்தைக் கண்டால் கத்துகிற கருவி ஒன்று இருக்கத்தான் செய்தது. அது எதைக் கண்டாலும் கத்தியது. மேனேஜரைக் கண்டும் கத்தியது. அதன்பின் அதை நிறுத்திவைத்து, மேலே டீ டம்ளர்களை அடுக்கிவிட்டார்கள். புதுக் கருவி வரும் வரும் என்றார்கள், எட்டு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. ஆக, ஊசிமுனைக்கும் குழந்தைக்கும் நடுவில் இருந்தது நான் ஒருத்திதான்.

ஆனால் மணிக்கு அறுபது உருப்படி முடிக்க வேண்டியவள், முனையைத் தேடித் தரையில் தவழ்ந்துகொண்டிருப்பாளா? இரண்டு துண்டைக் கொண்டுவந்து நீட்டி, "இவ்ளோதான் அக்கா உடைஞ்சது" என்பாள். அப்படியென்றால் அதுவரை முனையே இல்லாத ஊசியிலா தைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டால் சிரிப்பாள். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு அறிவிப்பை அச்சடித்து ஒட்டினார். அதன் கீழ்முனையைக் கிழித்து ஒருத்தி பல் குத்தினாள்.

ஒருநாள் மத்தியானம் ரேடியோ வந்தாள். காலர் தைப்பவள். ஒரு மெஷினில் நடப்பது அடுத்த மெஷினுக்குத் தெரிவதற்குள் இவள் எல்லாருக்கும் ஒலிபரப்பிவிடுவாள், அதனால் அந்தப் பெயர். அவளும் இரண்டு துண்டோடுதான் வந்தாள்.

"முனை எங்கடி?"

"எங்கயாவது தெறிச்சிருக்கும்க்கா. விடுங்க."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "நான் விட்டுடுவேன். அவ விடமாட்டா" என்றேன்.

"எவ?"

சத்தியமாக, எவள் என்று அந்த நிமிஷம் வரை எனக்கும் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். இந்தக் கட்டடத்தில் முன்னால் இருந்த கம்பெனியில் ஒருத்தி இருந்தாள். நல்ல கைக்காரி. அவள் ஊசி உடைந்தது. முனையைத் தேடாமல் அப்படியே தைத்தாள். முனை அவள் விரலுக்குள் போயிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. ரத்தத்தோடு ரத்தமாக நகர்ந்து நாற்பதாம் நாள் நெஞ்சுக்கு வந்தது. காலைப் பெடலில் வைத்தபடியே செத்தாள். மெஷின் நிற்கவே இல்லை. இப்போதும் எவளாவது முனையைத் தேடாமல் விட்டால், செத்தவள் வந்து அந்த முனையை எடுத்து, தேடாமல் விட்டவளுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போவாள். அப்புறம் நாற்பது நாள்.

ரேடியோவின் முகம் வெளுத்துவிட்டது. கால் மணியில் முனையோடு வந்தாள், தலையெல்லாம் நூல் பிசிறு. இந்தக் கட்டடத்தில் எங்களுக்கு முன்னால் இருந்தது பிளாஸ்டிக் வாளிக் கிடங்கு. வாளி விழுந்து யாரும் செத்ததாகக்கூடத் தகவல் இல்லை.

அடுத்த மூன்று வாரத்தில் அந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். பெயரும் வைத்தார்கள், முனைக்காரி. முனையை இடது உள்ளங்கையில்தான் கொண்டுவர வேண்டும், அதன்மேல் மூச்சுப் படக்கூடாது. காலையில் மெஷினைப் போடுமுன் பெடலை இரண்டு தரம் சும்மா மிதிக்க வேண்டும், ஒன்று அவளுக்கு, ஒன்று நமக்கு. மோட்டார் எரிந்து பழுதாகிக் கிடந்த பதினெட்டாம் மெஷின் அவளுடையதாம். அதில் தினமும் ஒருத்தி அன்றைய முதல் நூலை வெட்டிக் கட்டுவாள். இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. எனக்கு இவ்வளவு கற்பனை கிடையாது.

ஆனால் ரெஜிஸ்டர் நிரம்பியது. முனை குறைந்த தாள் ஒன்றுகூட இல்லை. துணி வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆய்வாளர் புரட்டிப் பார்த்து, இத்தனை வருஷத்தில் இப்படியொரு ரெஜிஸ்டரைப் பார்த்ததில்லை என்றார். பதினெட்டாம் மெஷினில் சடைசடையாகத் தொங்கிய நூலைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பராமரிப்பு என்றார் சூப்பர்வைசர். ஆய்வாளர் அதையும் குறித்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இடையில் ஒன்று நடந்தது. பொத்தான் தைக்கிற ஒருத்திக்கு முனை கிடைக்கவில்லை. நான்காம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. முனைக்காரி கொண்டுபோய்விட்டாள் என்று ரேடியோ ஒலிபரப்பினாள். அடுத்த வாரம் நான் அவளைக் கடைத்தெருவில் பார்த்தேன். வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தாள், முன்னைவிடச் சதை போட்டிருந்தாள். நலம் விசாரித்துவிட்டு வந்தேன். ஆலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ரெஜிஸ்டர் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததே, அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் என் தங்கை வேலைக்குச் சேர்ந்தாள். நான்தான் சேர்த்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். தங்கை என்னோடுதான் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை வயிற்றில் தங்கி, தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள் என்று, கை வேலையாக இருக்கட்டுமே என்றுதான் இருபத்தாறாம் மெஷினில் உட்கார வைத்தேன். முனைக்காரி பொய் என்று அவளிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்து எல்லோரிடமும் சொல்லிவிடுவாள் என்று சொல்லவில்லை. அந்தப் புத்தியை இன்றைக்கும் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

அவளுக்கு எட்டாம் மாதம். பச்சைக் குழந்தைகளுக்கான சட்டை நாலாயிரம், வியாழக்கிழமை லாரி ஏற வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் ஊசி உடைந்தது. முனையைக் காணோம். முறைப்படி உடனே கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. முனைக்காரியிடம் மாட்டியவள் என்ற பெயர் தன்மேல் விழுமே என்று நடுங்கிப்போய், யாருக்கும் தெரியாமல் காலடியில் தேடியிருக்கிறாள். அவள் தேடிய பத்து நிமிஷத்தில், ஏற்கெனவே தைத்துவைத்திருந்த கட்டு அடுத்த மெஷினுக்குப் போய், அங்கிருந்து பேக்கிங்குக்குப் போய், மற்றதோடு கலந்துவிட்டது. முனை தொலையக்கூடாது என்று நான் கட்டிய கதைக்குப் பயந்துதான் அவள் முனையைத் தொலைத்தாள்.

எல்லோரும் தேடினோம். தரையைப் பெருக்கி, பெருக்கியதைக் காந்தத்தால் துழாவி, அவள் முடி, துணி, செருப்பு எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை. நாலாயிரம் சட்டையையும் நிறுத்திவைத்து, பேக்கிங் பெண்கள் நாலு பேரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். ரேடியோ மட்டும் தேடுவதை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு தங்கையின் வயிற்றைப் பார்த்தாள்.

"நாள் எப்போ குடுத்திருக்காங்க?" என்று கேட்டாள்.

தங்கை தேதியைச் சொன்னாள். அன்றிலிருந்து சரியாக நாற்பத்தோரு நாள், முனைக்காரியின் நாற்பதுக்கு மறுநாள்.

அவளை யாராவது விரட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர்கள் அன்பாக இருந்தார்கள். குனியாதே என்றார்கள். அவளுக்கென்று தனி டம்ளர் வைத்தார்கள். அவள் தொட்ட கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தார்கள். போகிறபோதும் வருகிறபோதும் அவள் வயிற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நான் பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்தபோது கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவளைப் பதினெட்டாம் மெஷினில் உட்கார வைத்திருந்தார்கள். கால் பெடலில். மடியில், மெஷினிலிருந்து அவிழ்த்த நூல் அத்தனையும். சுற்றிலும் நாற்பது பேர் தங்கள் மெஷின்களில் உட்கார்ந்து, ஊசியைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். துணி இல்லை, நூல் இல்லை, நாற்பது மெஷின் ஒரே சீராக இரைந்தது. கழற்றிய ஊசிகளை டப்பியில் போட்டு என் மேசையில் ஒழுங்காக வைத்திருந்தார்கள், முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. ரேடியோ தங்கையின் காதில், "எடுத்துக்கோன்னு அவகிட்ட கேளு, முனையைத் திருப்பி எடுத்துக்கோன்னு கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கையும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பதினெட்டாம் மெஷினின் சக்கரம் அரை விரற்கடை நகர்ந்தது.

நாற்பது மெஷின் ஓடினால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் சக்கரம் நகரும். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கே முதுகு சில்லிட்டுவிட்டது.

"நிறுத்துங்கடி" என்றேன். "முனைக்காரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கட்டிவிட்ட கதை அது. நீங்க முனையைக் கொண்டு வரணும்னு என் வாயில வந்ததைச் சொன்னேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் கோபப்படவில்லை. ரேடியோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சின்னு வந்ததும் மனசு கேக்கல உங்களுக்கு. எங்களுக்குப் புரியுதுக்கா."

"உன்கிட்டதானேடி முதல்ல சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. ஆனா எனக்கு முன்னாடியே தெரியுமே. என் மாமியார் சொல்லியிருக்காங்க. அவங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போதே கேட்டதாம்."

தண்ணீர் வந்தது அப்போதுதான். நான் குடித்தேன். வேறென்ன செய்வது?

வீட்டிலும் அதே கதைதான். எங்களுடையது இரண்டே அறை. ஒன்றில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. விலாவுக்குக் கீழே குத்துகிறது என்றாள். மறுநாள் அதற்கு ஒரு விரல் மேலே காட்டினாள்.

"அது ஏறுது அக்கா. குழந்தையைத் தாண்டித்தானே நெஞ்சுக்கு வரணும்?"

"உன் மேல ஆணையா சொல்றேன், அது பொய்டி."

"என்னைச் சமாதானப்படுத்த நீ என் மேலயே பொய் சத்தியம் பண்றே. எனக்குத் தெரியும்."

டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று இவளுக்குக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். ஊசிமுனைக் கதைக்கெல்லாம் எட்டு மாதக்காரிக்குப் படம் எடுக்க முடியாது என்றார். தங்கையின் எடையைப் பார்த்தார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவங்க சாப்பிடாம, தூங்காம இப்படியே இருந்தா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லம்மா" என்றார். வாசலில் வந்து நின்றேன். இரண்டு தடவை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வெறும் கையோடு கூட்டிக்கொண்டு போனவள் நான். மூன்றாவது தடவையும் போக வேண்டியிருக்குமோ, அதுவும் நான் வாய் விட்டதால், என்று நினைத்தபோது எனக்கு உயிரே நின்றுவிடும்போல இருந்தது.

புதன்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் ஆலைக்குப் போனேன். முனை தவிர மற்றத் துண்டுகள் இருந்த இருபத்தாறாம் மெஷினின் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அதே பாக்கெட்டிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் குறடால் உடைத்தேன். பொருந்தவில்லை. இன்னொன்று. அதுவும் பொருந்தவில்லை. பதினான்கு வருஷம் உடைந்த ஊசிகளையே பார்த்த கண், ஏழாவது ஊசியில் சரியாக உடைத்தது. அந்த முனையைக் கொண்டுபோய் இருபத்தாறாம் மெஷினின் காலடியில், தரை ஓடுகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் வைத்தேன். ஒன்பதரை மணிக்கு எல்லோர் முன்னாலும் காந்தத்தை வைத்து அதை எடுத்தேன்.

"இதோ பாருங்கடி, இங்கதான் கிடந்திருக்கு."

ரேடியோ பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே துண்டோடு துண்டை வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொருந்துது" என்றாள். என் தங்கை தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நான் டேப் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாள் தங்கையை விடுவித்தால் சட்டைகளையும் விடுவிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? லாரி மறுநாள்தானே, அதற்குள் ராத்திரி பகலாகத் தடவிக் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேடியதில் அதுவரை ஆயிரம்தான் முடிந்திருந்தது, மூவாயிரம் பாக்கி. ஆனால் முனை கிடைத்த செய்தி கேட்டதும் சூப்பர்வைசர் பெட்டிகளைக் கட்டச் சொல்லி, லாரியையும் அன்றைக்கே வரச் சொல்லிவிட்டார். ஒரு மணிக்கெல்லாம் லாரி வந்து நின்றது.

நான் அவரிடம் ஓடினேன்.

"சார், அந்த முனை அந்த ஊசியோடது இல்ல."

அவர் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். "பொருந்துதே அக்கா."

"பொருந்தற மாதிரி நான்தான் உடைச்சேன். நிஜ முனை அந்தச் சட்டையிலதான் எங்கயோ இருக்கு. லாரியை நிறுத்துங்க."

அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் உண்டு.

"சரி, நிறுத்தறேன். பெட்டியைப் பிரிச்சு மறுபடி தேடச் சொல்றேன். ஏன்னு கேப்பாங்க. முனை கிடைக்கலைன்னு சொல்லணும். உங்க தங்கச்சிக்கும் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"வேற ஏதாவது காரணம் சொல்லுங்க சார்."

"என்ன காரணம்க்கா? மடிப்பு மடிப்பா தடவச் சொன்னா எதைத் தேடறோம்னு இவங்களுக்குத் தெரியாதா? எல்லாரும் நீங்க பழக்கினவங்க."

கம்பிவலை வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். ரேடியோ தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் தங்கைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து நாளைக்குப் பிறகு அவள் வாயில் உணவு போய்க்கொண்டிருந்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டு எதற்கோ சிரித்தாள், இருமினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். வெளியே லாரிக்காரர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மூவாயிரம் சட்டையில் ஒன்றை யாரோ ஒருத்தி தன் குழந்தைக்குப் போடுவாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. இவள் முகம் தெரியும்.

"போகட்டும் சார்" என்றேன்.

அவர் ரெஜிஸ்டரை மூடி என்னிடம் கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. லாரி ஒன்றேமுக்காலுக்குக் கிளம்பியது.

சாயங்காலம் வீட்டில் தங்கை இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள். குத்தல் போய்விட்டதாம். குழந்தை நன்றாக உதைக்கிறது என்று என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உதைத்தது.

"அவ என்னை விட்டுட்டா அக்கா" என்றாள். "வேற யாரு குழந்தையையோ தேடிக்கிட்டுப் போயிட்டா போல."

"ஆமா" என்று சொல்லி, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன்.